உடலைக் காக்கும் இரு காவல்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் உடலுக்குள்ளே இரவும் பகலும் நடந்துவரும் காவலைப் பற்றியது. இந்து வாலிபர்களின் விழாவில் மருத்துவப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்த உடம்பை இறைவன் உறையும் கோயில் என்று போற்றிய சமயம் நம்முடையது. கோயிலுக்கு மதில் எப்படி அமைந்திருக்கிறது, உள்ளே காவல் எப்படி நடக்கிறது என்று அறிந்துகொள்வது பக்திக்குப் புறம்பான காரியம் ஆகாது.

முதலில் நாம் அனைவரும் நம் கைகளைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம். இங்கு அமர்ந்துள்ள முதியவர்கள் பலரின் கையில் வட்டமாய், சிறிது பள்ளமாய் ஒரு தழும்பு இருக்கும். அது பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்தியதன் அடையாளம். வாலிபர்களின் இடது தோளில் அதைவிடச் சிறிய தழும்பு ஒன்று இருக்கும். அது பிறந்தவுடன் சயரோகத்துக்கு எதிராகப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். இளையவர் எவர் கையிலும் அந்தப் பழைய அம்மைத் தழும்பு இல்லை. அது ஏன் இல்லை என்பதற்கு விடை தேடினால், இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் அதனுள் அடங்கிவிடும்.

நம் உடலில் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று பிறக்கும்போதே கூடப் பிறந்தது. மற்றொன்று பிறந்த பின் பயின்று பெறுவது. இரண்டையும் சேர்த்தே பாடசாலை நூல்கள் 'நிர்ப்பீடனம்' என்று சொல்லுகின்றன.

பிறப்போடு வந்த காவலை முதலில் பார்ப்போம். கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி விரலில் பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோல்தான் நமது முதல் மதில். அந்த மதிலில் ஒரு வழி திறந்துவிட்டது. கத்தியிலும் மண்ணிலும் இருந்த கிருமிகள் உள்ளே நுழைகின்றன. சில மணி நேரத்துக்குள் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இவற்றை நாம் நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது காவலர் வந்து சேர்ந்த ஆரவாரம். இரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிட, வெண்குழியங்கள் திரளாக வெளியேறிக் காயத்தை நோக்கி விரைகின்றன. கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடுகின்றன. மறுநாள் காயத்தில் சீழ் கோத்திருந்தால், போரிட்டு மாண்ட வெண்குழியங்களே அச்சீழில் பெரும்பகுதி என்று அறிக.

இந்த விழுங்கும் குழியங்களின் தொழிலை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ருஷிய விஞ்ஞானி மெச்னிக்கோவ். 1882ஆம் ஆண்டில் அவர் இத்தாலியில் மெசினா என்னும் கடற்கரைப் பட்டினத்தில் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்க நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் ரோசாச் செடியின் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் பார்த்தபோது, அலையும் குழியங்கள் அந்த முள்ளைச் சுற்றி மொய்த்து நின்றன. இந்த ஆராய்ச்சிக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் விரலில் முள் தைத்து, அது பழுத்து, தானே வெளியே வருவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அவரோ அதனைக் கண்டதோடு நில்லாமல் காரணமும் தேடினார்.

கண்ணீர், எச்சில், மூக்கின் சளி, இரைப்பையின் அமிலம் ஆகிய எல்லாம் இந்த முதற் காவலைச் சேர்ந்தவையே. காய்ச்சலும் இதனைச் சேர்ந்ததே. இக்காவலின் சிறப்பு வேகம். இதன் குறை யாதெனில், வந்த கிருமி இன்னது என்று நுணுக்கமாய்ப் பிரித்தறிய மாட்டாது. ஒரே கிருமி பத்து முறை வந்தாலும், ஏறக்குறைய முதன்முறை வந்ததைப் போலவே எதிர்கொள்ளும்.

இந்தக் குறையினால் என்ன நேரும் என்பதற்கு நமது மலைகளே சாட்சி. நம் முன்னோர் கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்த காலத்தில் இங்கு தேயிலை இல்லை, கோப்பிதான் இருந்தது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் துருப்போன்ற நோய் ஒன்று தோன்றியது. அது ஒருவகைப் பூஞ்சணம். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடங்களில் தேயிலை ஏறியது. செடிகளுக்கும் தடித்த தோல் உண்டு. நோய் தொட்ட இடத்தைக் கருகவிட்டுப் பரவலைத் தடுக்கும் வழியும் உண்டு. ஆனால் உடலெங்கும் சுற்றித் திரிந்து, வந்த பகைவனைக் கற்று, நினைவில் வைத்திருக்கும் குழியங்கள் செடிக்கு இல்லை. 1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோதும், செடி தானே பயின்று மீளவில்லை; மனிதன் செம்பு மருந்து தெளித்துக் காக்கவேண்டியதாயிற்று.

மனிதனுக்கோ இரண்டாவது காவல் வாய்த்திருக்கிறது. அதன் கல்விக்கூடம் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று சொல்வார்கள் அல்லவா? அந்த நெறியே நிணநீர்க் கணு. புண்ணிலிருந்து சில குழியங்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அங்கே போய்ச் சேருகின்றன. கணுவில் கோடிக்கணக்கான நிணநீர்க் குழியங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டுமே அறியவல்லது. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்பதுபோல. கொண்டுவந்த துண்டுக்குப் பொருந்துகின்ற திறவுகோல் எந்தக் குழியத்திடம் இருக்கிறதோ, அது மட்டும் விழித்தெழுந்து இரண்டாகி, நான்காகி, ஆயிரமாகப் பெருகுகிறது. கணு வீங்குவதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு பெருகியவற்றில் 'பி' குழியங்கள் பிறபொருளெதிரி என்னும் புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. அது கிருமியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கும்; விழுங்கும் குழியங்களுக்கு அடையாளமும் காட்டும். 'டி' குழியங்களில் ஒரு பிரிவு, கிருமி புகுந்து ஒளிந்திருக்கும் நம் சொந்தக் குழியத்தையே தேடி அழிக்கும். மற்றொரு பிரிவு ஏனையவற்றை ஏவி நடத்தும். இந்த 'டி' குழியங்கள் மார்பெலும்புக்குப் பின்னே உள்ள தைமசுச் சுரப்பியில் தேர்வு பெற்றவை. அங்கே நம் சொந்த உடலைப் பகை என்று கருதித் தாக்கக்கூடியவை பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். தன்னை அறிவதே முதல் அறிவு என்று நம் சமயப் பெரியோர் போதித்தார்கள். இந்தக் குழியங்களுக்கும் தன்னை அறிவதே முதற் பாடமாக இருக்கிறது.

இரண்டாவது காவலின் குறை யாதெனில், முதல் முறை மிகவும் தாமதிக்கும். பொருந்தும் குழியத்தைத் தேடி, பெருக்கி, அனுப்புவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிவிடும். அந்த இடைவெளியிலேதான் பல உயிர்கள் போகின்றன. ஆனால் போர் முடிந்த பின் எல்லாக் குழியங்களும் மாண்டுபோவதில்லை. சில எஞ்சி நின்று பல ஆண்டுகள் உயிர் வாழ்கின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால், வாரக்கணக்கு நாட்கணக்காகச் சுருங்கிவிடும். பலவேளைகளில் நோய் வந்ததே நமக்குத் தெரியாது.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? வட அட்லாண்டிக் கடலில் பாரோ என்னும் சிறு தீவுகள் உள்ளன. அங்கு 1781இல் சின்னமுத்து பரவியது. அதன்பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் மீண்டும் வந்தபோது எண்ணாயிரத்துக்குக் குறைந்த மக்களில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் படுத்துவிட்டார்கள். அதனை ஆராயச் சென்ற பானும் என்னும் இளம் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். 1781இல் சிறுவயதில் சின்னமுத்து கண்டிருந்த கிழவர் கிழவியரில் ஒருவரையும் இம்முறை நோய் தீண்டவில்லை. இடையிலே பிறந்தவர்களோ எளிதில் வீழ்ந்தார்கள். ஊர் மறந்துபோனதை அந்த முதியவர்களின் உடல் அறுபத்தைந்து ஆண்டுகள் மறவாமல் வைத்திருந்தது.

சரி, நோய் வந்து போனால்தான் இந்தக் கல்வி கிடைக்கும் என்றால், அக்கல்விக்குரிய விலை என்ன? இதற்கு நாம் பாரோவுக்குப் போகவேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகி மலேரியா பரவியது. 1935 முடிவதற்குள் மாண்டவர்கள் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மலேரியா எப்போதும் குடியிருந்த வரண்ட பிரதேசத்து மக்களைக் காட்டிலும், அந்நோயை அதிகம் கண்டிராத ஈரப் பிரதேசத்து மக்களே மிகுதியாக மடிந்தார்கள். வரண்ட பிரதேசத்தாரின் உடல் அதனை ஓரளவு பயின்றிருந்தது. ஆனால் அப்பயிற்சிக்காக அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குழந்தைகளைக் காவு கொடுத்திருந்தார்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. உயர்ந்த மலைகளில் குளிர் காரணமாக அந்நோய் வேரூன்றவில்லை. நமது பகுதி தப்பியது குளிரினால்தான், உடல் வலிமையினால் அன்று.

அந்தக் கொடிய நாட்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று தொண்டு செய்தார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அதில் இருந்தார்கள். மருந்தோடு உணவும் கொடுத்தார்கள். பட்டினி கிடந்த உடலில் கொயினா மட்டும் வேலை செய்யாது என்று அவர்கள் நேரிற் கண்டார்கள். வாலிபர் சங்கத்தினராகிய நாம் இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இத்தகைய கொடிய விலையைக் கொடாமல் அதே கல்வியைப் பெறும் வழியே தடுப்பூசி. 1796இல் இங்கிலாந்து வைத்தியர் ஜென்னர், பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவிடமிருந்து தொற்றும் இலேசான அம்மை, பெரியம்மையைத் தடுக்கிறது என்னும் கிராமத்து நம்பிக்கையைச் சோதித்து உண்மை என்று நிறுவினார். தடுப்பூசியைக் குறிக்கும் 'வாக்சீன்' என்னும் சொல்லே பசு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பசுவைத் தாயாக வணங்கும் நமக்கு இது இனிமையான செய்தி. இலங்கைக்கு இம்முறை 1802இலேயே வந்துவிட்டது. பிற்காலத்தில், தோட்டங்களுக்கு வந்த நம்மவர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு அம்மை குத்திய பின்னரே கப்பலேறினார்கள். அந்த முகாமில் பட்ட அவமானங்களை நம் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவற்றை நாம் மறக்கவேண்டியதில்லை. ஆயினும் கையில் விழுந்த அந்தத் தழும்பு அவர்களைக் காத்தது என்பதும் உண்மை.

அம்மை என்பது தாயின் வருகை என்று எண்ணி, வாசலில் வேப்பிலை கட்டி, அந்நியரை வீட்டுக்குள் விடாமல், நோயாளியைத் தனியே கிடத்திக் குளிர்ச்சியாகப் பேணிய வழக்கத்தை எவரும் ஏளனம் செய்தல் தகாது. நோய் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்க அந்த ஒழுக்கம் உதவியது. ஆனால் மாரியம்மனிடம் கொண்ட பக்தி ஊசியை வேண்டாமென்று சொல்லச் சொல்லவில்லை. 1977இல் சோமாலியாவில் கண்ட நோயாளியோடு இயற்கையில் பரவிவந்த பெரியம்மை முடிந்தது. 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. வாலிபர் கையில் அந்தத் தழும்பு இல்லாததன் காரணம் இதுவே. மாரியம்மன் திருவிழா நின்றுவிடவில்லை, பெரியம்மைதான் நின்றுவிட்டது.

இக்காவல்கள் தவறே செய்யாதவை என்று சொல்லிவிட முடியாது. டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையைப் பயின்ற நினைவு, வேறொரு வகை வரும்போது சிலருக்கு உதவியாயிராமல் நோயைக் கடுமையாக்கிவிடும். ஆகையால் 'ஒருமுறை வந்துவிட்டது, இனிப் பயமில்லை' என்று டெங்கு விஷயத்தில் இருந்துவிடக் கூடாது. நுளம்பு பெருகும் தேங்கிய நீரை அகற்றுவதே அங்கு முதற் காவல்.

இனி, நம் வாசலுக்கு வருவோம். சின்னமுத்து இலங்கையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. நான்கே ஆண்டுகளில், 2023இல், அது மீண்டும் பரவியது. இந்நோயைச் சாதாரணமாய் எண்ணுவது பெரும் பிழை. அது காய்ச்சலும் தடிப்புமாய் வந்து போவதோடு நிற்பதில்லை; நினைவுக் குழியங்களையே தேடி அழிக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி பெறாத குழந்தைகளுக்குச் சின்னமுத்து வந்து போனபின், மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் முன்பு பெற்றிருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்ததாகக் கண்டார்கள். படித்த பாடத்தையெல்லாம் பலகையிலிருந்து துடைத்துவிடும் நோய் இது.

நம் நாட்டில் இதற்கான ஊசியை ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் போடுகிறார்கள். பிறந்தவுடன் போடாதது ஏன் என்று தாய்மார் கேட்கலாம். கருவிலிருக்கும்போதே தாயின் பிறபொருளெதிரிகள் கொடிவழியே பிள்ளைக்குச் சென்றுவிடுகின்றன. அவை இரத்தத்தில் இருக்கும்வரை ஊசி நன்கு பிடிக்காது. பிறந்தபின் சீம்பாலும் தாய்ப்பாலும் வேறு சில காப்புகளைக் கொடுக்கின்றன. ஆகவே சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிடும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை இன்றோடு விட்டுவிட வேண்டும். ஆனால் தாய் கொடுத்தது இரவல் காப்பு; மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். இரவல் தீர்ந்தும் சொந்தக் கல்வி தொடங்காமலும் இருக்கும் அந்தச் சில மாதங்களில் பிள்ளையைக் காப்பவர் யார்?

நாம்தான் காக்கிறோம். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பிள்ளைக் காம்பராவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே காற்றையே சுவாசிக்கின்றன. சின்னமுத்து பரவாமல் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருக்கவேண்டும் என்பது கணக்கு. சுற்றியுள்ள எல்லோரும் காப்புப் பெற்றிருந்தால் நோய் அந்தச் சிசுவை அடைய வழியில்லாமல் போகும். நம் தோளில் ஏறிய ஊசி நமக்கு மட்டும் உரியதன்று. பக்கத்துக் காம்பராவின் தொட்டிலுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னுமொன்றை மனவருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. பிறபொருளெதிரி என்பது புரதம். பருப்பும் முட்டையும் மீனும் பாலும் இல்லாத உடல் எதைக்கொண்டு அதனைச் செய்யும்? 2016ஆம் ஆண்டில் நடந்த நாடளாவிய குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டப் பகுதியிலோ ஏறக்குறைய 32 சதவீதம். இது பிள்ளைகளின் குற்றமன்று. தாய்மாரின் குற்றமும் அன்று. கூலியும் குடியிருப்பும் தண்ணீரும் சீர்ப்படாமல், காவலைப் பற்றி மட்டும் பிரசங்கம் செய்வது பசித்தவனுக்குப் பத்தியம் சொல்வதுபோல் ஆகும். ஆகவே அந்த உரிமைகளுக்காக உழைப்பதும் சுகாதாரப் பணியே.

வாலிப நண்பர்களே! மறதியும் ஒரு நோய்தான். 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. ஒழிந்தது என்று எண்ணி மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் அது ஐந்து இலட்சம் பேருக்கு மேல் பற்றியது. பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டே, 2016இல் மலேரியா இல்லாத நாடு என்னும் சான்றைப் பெற்றோம். உடலின் நினைவை இயற்கை பாதுகாத்துத் தருகிறது. ஊரின் நினைவை ஊரார்தான் பாதுகாக்கவேண்டும்.

அதற்கு நம் சங்கம் செய்யத்தக்கது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் லயத்தில் உள்ள பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஓர் ஊசி தவறியிருந்தால், அன்றைய பெயரை விட்டுவிட்டுத் தாய் கிளினிக்குக்குப் போக முடியாத நிலை என்ன என்று விசாரித்து, வேண்டியதைச் செய்யலாம். படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்தப் பதிவேட்டைப் படித்துக் காட்டலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை வைத்தியரிடம் சொல்லி இரத்தம் சோதிக்கச் செய்யலாம்.

பெரியோர்களே! உங்கள் கையிலுள்ள அந்த வட்டத் தழும்பைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது வந்த கதையையும், அது அவர்கள் கையில் இல்லாமற்போன கதையையும் சொல்லுங்கள். அதைவிட நல்ல சுகாதாரப் பாடத்தை எந்த நூலிலும் அவர்கள் படிக்கப் போவதில்லை.

அன்னை மாரியம்மனின் அருளால் நம் மலைநாட்டுத் தொட்டில்கள் எல்லாம் நலமாய் ஆடுவனவாக.